பதினோரு மாத்திரையும் ஒரு முதுகெலும்பும்

ஆடாம கெடக்கணும், அவ்வளவுதான். எட்டு நிமிஷம். மூச்சு விடலாம், பெருமூச்சு விடக்கூடாது. மூக்கு அரிச்சா அரிச்சுட்டுப் போகட்டும். இதையெல்லாம் பதினாலு வருஷமா மத்த பொம்பளைங்களுக்குச் சொல்லிச் சொல்லி கொரற்றிக்கு நாக்கே தேஞ்சு போயிருந்துச்சு. இன்னைக்கு அவளே அந்த மேசையில மல்லாக்கப் படுத்து, முழங்காலுக்கு அடியில சதுரமான பஞ்சுக் கட்டையைக் குடுத்து, காலை மடக்கி மேல தூக்கி வெச்சுக்கிட்டு, ஸ்கேன் வண்டியோட தகரக் கூரையைப் பார்த்துக்கிட்டு இருந்தா. வயித்துக்குள்ள பதினோரு கால்சியம் மாத்திரை. முழுங்கி முப்பத்தஞ்சு நிமிஷம் ஆச்சு. தலைக்கு மேல மெஷினோட கை ஒரு மொனகலோட இந்தப் பக்கம் போச்சு, ஒரு நூல் கீழ எறங்குச்சு, அந்தப் பக்கம் வந்துச்சு, வேண்டா வெறுப்பா வீடு கூட்டற மருமக மாதிரி ஒரு எடத்தைக்கூட விடாம, ஆனா எந்த அவசரமும் இல்லாம. புது மெஷினா இருந்தா ரெண்டு நிமிஷத்துல எலும்போட அடர்த்தியை அளந்து கையில குடுத்துரும். இது பழசு. தூத்துக்குடி உப்பளத்துக்காட்டுல வெயில்லயும் உப்புக் காத்துலயும் கெடந்து கெடந்து இதுக்கே எலும்பு தேஞ்சிருக்கும். "ஆடாதிய யக்கா," ன்னா செண்பகவல்லி, கம்ப்யூட்டர் முன்னாடி ஒக்காந்துக்கிட்டு. ஆடலையே. யாரு ஆடினா? செண்பகவல்லிக்கு, கொரற்றிக்கு அவ செம்பா, நாப்பத்தெட்டு வயசு, ரத்தம் எடுக்கற வேலை, ஆராய்ச்சி ஆபீஸ்ல கொரற்றியை 'யக்கா'ன்னு கூப்பிடற ஒரே ஆளு, இந்த மெஷின்ல எந்தப் பட்டனை அமுக்கணும்னு இன்னைக்குக் காலையிலதான் கத்துக்கிட்டா. ரெண்டு பேருக்கும் இது அனுமதி இல்லாத வேலை. தெரிஞ்சா செம்பாவையும் சேர்த்துத்தான் ஏசுவாங்க. காலையில அதைச் சொன்னதுக்கு செம்பா, "ஏசட்டும், எனக்கென்ன காது ஒண்ணா இருக்கு, ரெண்டு இருக்குல்லா," ன்னுட்டா. மாத்திரைகளே, எங்கட்டு போயி ஒளிஞ்சிருக்கிய? எரப்பையிலயா, அதைத் தாண்டிட்டியளா? முதுகெலும்புக்கு நேரா வந்து நில்லுங்க. ஒரு நாலு பேராவது நில்லுங்க. குரூப் போட்டோ எடுக்கும்போது ஓரமாப் போயி நின்னுக்கிட்டு அப்புறம் படத்துல நான் இல்லையேன்னு அழக்கூடாது.

பதினொரு மணிக்கு டாக்டர் திருவேங்கடம் வந்துருவாரு. கடைசித் தாள்ல கையெழுத்துப் போட்டு மத்தியானத்துக்குள்ள எல்லாக் கணக்கையும் சென்னைக்கு அனுப்பிருவாரு. உப்பளத்துல வேலை பார்க்கற எரநூத்திப் பன்னெண்டு பொம்பளைங்களுக்கு ஒரு வருஷம் தெனமும் புது மாதிரி கால்சியம் மாத்திரை குடுத்து, மொதல்ல ஒரு ஸ்கேன், கடைசியில ஒரு ஸ்கேன். முதுகெலும்பு ஏழு பர்சென்ட் கூடிருக்கு. ஏழு! டாக்டர் அந்த ஏழைச் சொல்லும்போது பார்க்கணும். தொண்டையை ரெண்டு தரம் செருமிக்கிட்டு, கண்ணாடியை நெத்திக்கு ஏத்திக்கிட்டு, "ஏஏழு பர்சென்ட்ம்மா, ஏஏழு," ன்னு, பேரனுக்கு மொதப் பல்லு மொளைச்ச மாதிரி. கொரற்றிக்கு அந்தச் செருமல் அத்துப்படி. ஒத்தச் செருமல்னா சளி. ரெட்டைச் செருமல்னா பின்னாடி ஒரு பெரிய சமாச்சாரம் வருது, அதை நம்பறதுக்கு நீ தயாரா இருன்னு அர்த்தம். அவ அன்னைக்கே கேட்டா. "சார், முதுகுல ஏழு ஏறியிருக்கு, சரி. இடுப்புல ஏன் சார் ஒண்ணுமே ஏறல? ஒரே பொம்பளை, ஒரே வாயி, ஒரே மாத்திரை. முதுகுக்குப் போன சத்து இடுப்புக்கு வழி தெரியாம நின்னுருச்சா?" கும், கும். "ஏம்மா கொரற்றி, முதுகெலும்பு உள்ள பஞ்சு மாதிரி இருக்கும், சீக்கிரம் மாறும், இடுப்பெலும்பு லேட்டா மாறும். இதெல்லாம் சயின்ஸ்ம்மா. நீங்க பட்டன் அமுக்கறதோட நிறுத்திக்கங்க." பஞ்சு மாதிரிங்கறது நெசந்தான். சீக்கிரம் மாறும்ங்கறதும் நெசந்தான். அதான் இவருகிட்ட பெரிய தொல்லை. நெசத்தையே அடுக்கி அடுக்கி ஒரு பொய்யைக் கட்டிருவாரு. அவ படத்தைக் காட்டினா. "சார், இங்க பாருங்க, முதுகெலும்புக்குப் பக்கத்துல வெள்ளையா வட்டம் வட்டமா, சட்டைப் பித்தான் மாதிரி." அவரு படத்தைப் பார்க்கல. படம் பார்க்கற பழக்கமே அவருக்குக் கெடையாது. கண்ணு நேரா தாளோட அடியில இருக்கற நம்பருக்குப் போய் அங்கயே குடியிருக்கும். "கேஸா இருக்கும்மா." கேஸு கறுப்பா இல்ல தெரியும்? "அப்ப ரத்தக் கொழாயில படிவு." எரநூத்திப் பன்னெண்டு பேர்ல நூத்தி அறுபது பேருக்கு ஒரே வருஷத்துல ரத்தக் கொழாயில பித்தான் மொளைச்சிருக்கு, அதுவும் மாத்திரை சைஸுல. நல்ல சயின்ஸ்.

பேச்சித்தாயி வராம இருந்திருந்தா கொரற்றியும் அந்தப் பித்தானைப் பித்தான்னே வெச்சிருப்பா. போன வாரம் செவ்வாக்கிழமை வந்தா. அம்பத்தெட்டு வயசு, உப்பு வாரித் தலையில சொமந்து அம்பாரம் போடற வேலை, கால்ல எப்பவும் வெள்ளை வெள்ளையா உப்பு பூத்திருக்கும். ஆபீஸ் வாசல்ல செருப்பைக் கழத்தும்போதே ஆரம்பிச்சுட்டா. "எம்மா கொரற்றி, என்னத்துக்கும்மா எனக்கு ஊசியை நிப்பாட்டிட்டிய? ஒனக்கு எலும்பு தேறிருச்சு, இனி ஊசி வேண்டாம்னு சொல்லிட்டாவ. தேறுன எலும்பு ஏம்மா இப்படி விண்ணு விண்ணுன்னு தெறிக்கு?" ரொம்பத் தேஞ்ச எலும்புக்காரங்க நாப்பத்தோரு பேருக்கு வருஷம் ஒரு தரம் ஆஸ்பத்திரியில ஊசி ஏத்துவாங்க. புதுக் கணக்குல அந்த நாப்பத்தோரு பேரும் கோட்டைத் தாண்டி நல்ல பக்கம் வந்துட்டாங்களாம். ஊசி கெடையாது. கொரற்றி அவளைச் செவத்தோட நிக்க வெச்சு ஒசரம் அளந்தா. போன வருஷத்தை விட மூணு சென்டிமீட்டர் கம்மி. டேப்பு தப்பான்னு இன்னொரு தரம் அளந்தா. மூணுதான். மனுஷி மூணு சென்டிமீட்டர் எங்கட்டு போவா? முதுகெலும்புல ஒரு கட்டையோ ரெண்டோ நசுங்கியிருக்கும், அவ்வளவுதான் வழி. பேச்சித்தாயி சிரிச்சா. "சாவுறதுக்குள்ள சின்னப் பிள்ளையா ஆயிருவேன் போல, அரை டிக்கெட் எடுத்தாப் போதும்." அப்புறம்தான் அந்த வார்த்தை. அவ பாட்டுக்குச் சேலை முந்தானையை ஒதறிக்கிட்டே சொன்னா. "மாத்திரையை மட்டும் மிச்சம் வெக்காம முழுங்கிட்டேன் பாத்துக்க. ஸ்கேன் அன்னைக்குக் காலையில அட்டையில பதினொண்ணு பாக்கி. ஆவுடை வந்து அட்டையை எண்ணுவாள்லா, பாக்கி இருந்தா டாக்டரு அவளப் போட்டு ஏசுதாரு. பாவம் அந்தப் பிள்ள, வெயில்ல சைக்கிள்ள வீடு வீடா அலையுது. நாங்க வரிசையில நிக்கும்போதே எல்லாருமாச் சேந்து டீயோட போட்டு உள்ள தள்ளிட்டோம்." எல்லாருமா? "பின்ன? அம்புட்டுப் பேருந்தான். சாக்பீஸு மாதிரி இருக்கு, தெனமும் எவ திங்கா? சிலவளுக்கு இருபதுகூட இருந்துச்சு."

கொரற்றி அன்னைக்கு டேப்பைச் சுருட்டி வெச்சா. யாரைக் குத்தம் சொல்ல? மாத்திரை ஒழுங்காச் சாப்புட்டாங்களான்னு பார்க்க அட்டையை எண்ணச் சொன்னது டாக்டரு. அட்டை காலியா இருந்தா மாத்திரை ரத்தத்துல இருக்குன்னு நெனைச்சது ஆபீஸு. அட்டை காலியா இருந்தா ஆவுடை ஏச்சு வாங்க மாட்டான்னு நெனைச்சது உப்பளம். நாளுக்குக் கொஞ்சம் பேரா வரிசை, ஸ்கேன் வண்டிக்கு வெளியில, டீக்கடை வண்டிக்குப் பக்கத்துல. முழுங்கின அரை மணி நேரத்துல மேசையில மல்லாக்கப் படுத்துட்டாங்க. தாலியைக் கழத்தச் சொன்னா மாட்டேன்னு பாதிப் பேரு அதைத் தூக்கி வாயில கவ்விக்கிட்டு, ஒரு குண்டுமணி உலோகம்கூட முதுகு மேல விழாம எம்புட்டுப் பாடுபட்டு ஒத்துழைச்சாங்க. உள்ள மாத்திரை பூரா கரையாம நின்னுச்சு. மெஷினுக்கு என்ன தெரியும், முதுகெலும்பைச் சுத்தி ஒரு பெட்டி போடும், பெட்டிக்குள்ள கால்சியம்னு எது இருந்தாலும் எலும்புன்னு கூட்டிக்கும். இடுப்பெலும்புக்கு நேரா மாத்திரை இல்ல, அதனால இடுப்பு ஏறல. இம்புட்டுத்தான். பரிதாபப்பட்டு முழுங்கின மாத்திரை. யாரும் ஏமாத்தல. ஒரு அயோக்கியன் இருந்திருந்தா எவ்வளவு வசதி.

மெஷின் கை இப்ப தொப்புளுக்கு மேல வந்திருந்துச்சு. எட்டுல ரெண்டு நிமிஷம் போயிருக்கும். இல்ல மூணா? பொறத்தங்கழுத்துல ஒரு வேர்வைத் துளி கெளம்பி, எறங்கவா வேண்டாமான்னு நின்னுச்சு. எறங்கிரு. எறங்கித் தொலை. உள்ள இந்நேரமும் வேலை நடக்குது, அது மட்டும் நிக்காது. எலும்புன்னா என்னமோ செத்த கட்டைன்னு நெனைக்காங்க. கொரற்றி கண்ணாடிச் சில்லுல சாயம் ஏத்தி மைக்ராஸ்கோப்புல பார்த்திருக்கா. உள்ள ரெண்டு கோஷ்டி. ஒண்ணு இடிக்கற கோஷ்டி, இன்னொண்ணு கட்டற கோஷ்டி. இடிக்கறவன் ஒரே ஆளு, உடம்பு பூரா கண்ணு மாதிரி நெறைய உட்கரு, எலும்பு மேல சப்பணம் போட்டு ஒக்காந்து ஆசிட்டை ஊத்தி ஒரு குழி பறிப்பான், மூணு வாரத்துல வேலை முடிஞ்சது, போயிருவான். கட்டறவங்க வருவாங்க பாருங்க, வரிசையா, சின்னச் சின்னதா, ஒழுங்கா. அந்த ஒரு குழியை நெறைக்க அவங்களுக்கு மூணு மாசம் நாலு மாசம். எளவயசுல ரெண்டு பேருக்கும் கணக்கு நேராயிரும். மாசத் தூரம் நின்ன பொறவு இடிக்கறவனைக் கேக்க ஆளு கெடையாது, கட்டறவங்களோ பாதி லீவு. பத்து வருஷத்துல எலும்புக்கூடு மொத்தமும் புதுசாயிரும்னு ஒரு நாள் சாப்பாட்டு நேரத்துல வீட்டுக்காரருகிட்ட சொன்னா. "நீங்க கட்டிக்கிட்டு வந்தவ இப்ப இல்ல தெரியுமா, இது ரெண்டாவது எலும்புக்கூடு, மூணாவது பாதி கட்டிக்கிட்டிருக்கு." அவரு தட்டைப் பார்த்துக்கிட்டே, "மூணுக்கும் வாய் மட்டும் ஒண்ணுதான் போல," ன்னாரு. நல்ல மனுஷன். ஹார்பர்ல கிரேன் ஓட்டறாரு, எம்புட்டுக் கனத்தைத் தூக்கலாம்னு தெரிஞ்சவரு. நேத்து எல்லாத்தையும் சொன்னப்ப சோத்தைப் பிசைஞ்சு முடிச்சாரு. அப்புறம், "வேலை போயிரும்டி." "போவட்டும்." "போவட்டும்னா?" "போவட்டும்னா போவட்டும்னுதான் அர்த்தம். வேற என்ன அர்த்தம் இருக்கு, அகராதியா கொண்டு வரணும்?" அவரு எந்திரிச்சுக் கையைக் கழுவிட்டு வந்து, "மாத்திரை பதினொண்ணையும் ஒரே மடக்குலயா? தொண்டையில நின்னுக்கிடாம பாத்துக்கோ," ன்னாரு. அதுக்கு மேல என்ன சொல்லணும் ஒரு புருஷன்?

கட்டற கோஷ்டியில சில பேரு உள்ளயே மாட்டிக்கிடுவாங்க. அதை மொதல் தரம் படிச்சப்ப கொரற்றி புஸ்தகத்தை மூடி வெச்சுட்டா. செவத்தைக் கட்டிக்கிட்டே வந்து, தன்னைச் சுத்தியும் கட்டி முடிச்சு, உள்ள அகப்பட்டுப் போறவன். சாக மாட்டான். சந்து சந்தா கையை நீட்டி அடுத்த செவத்துல மாட்டினவனைத் தொட்டுக்கிட்டு, பாரம் எங்க விழுது, எங்க கீறல் விட்டிருக்குன்னு உள்ளயிருந்து சேதி சொல்லிக்கிட்டு இருப்பான். அவன் சொன்னாத்தான் வெளியில இருக்கறவங்களுக்கு இந்த எடத்துல இடிக்கணும், இந்த எடத்துல கட்டணும்னு தெரியும். எலும்புல பெரும்பான்மை அவங்கதான், நூத்துக்குத் தொண்ணூறு. பட்டன் அமுக்கறவங்க, ரத்தம் எடுக்கறவங்க, சைக்கிள்ள போயி அட்டை எண்ணறவங்க. கும், கும். இதெல்லாம் சயின்ஸ்ம்மா. ஆமா சார், சயின்ஸ்தான்.

ஆனா நீயும் பார்த்தியேடி கொரற்றி. அது இங்கதான் வந்து முட்டும், எந்தப் பக்கமாச் சுத்தினாலும். அந்த வட்டத்தை அன்னைக்கே, ஸ்கேன் எடுத்த அன்னைக்கே, திரையில பார்த்தே. மொதப் பொம்பளைக்குப் பார்த்தே. என்னமோ இருக்கேன்னு நெனைச்சே. வெளியில வரிசை வெயில்ல நிக்குது, டிரைவர் மூணு மணிக்கு வண்டியை எடுக்கணும்ங்கான், ரெண்டாவது ஆளுக்கும் இருந்துச்சு, பத்தாவது ஆளுக்கும் இருந்துச்சு. அப்புறம் அது வித்தியாசமாவே தெரியல. எல்லாருக்கும் இருந்தா அது சரியாத்தானே இருக்கும்? 'ஸ்கேன் சரி'ங்கற கட்டத்துல ஒரு டிக்கு, பக்கத்துல ம.கொ., மரிய கொரற்றி, எரநூத்திப் பன்னெண்டு தரம். டிக்கு போட்ட அந்தக் கை இப்ப மேசையில ஆடாம நீட்டிக்கிட்டுக் கெடக்குது, ஒண்ணுந்தெரியாத மாதிரி. டாக்டரு பொய்யைக் கட்டினாருன்னா செங்கல் அறுத்துக் குடுத்தது யாரு? அதனால என்ன? அதனால வாயை மூடிக்கிடணுமா? தப்பு செஞ்சவதான் மொதல்ல கத்தணும், அவளுக்குத்தானே எடம் தெரியும். நேத்து ராத்திரி தூங்கறதுக்கு முன்னாடி எழுதி வெச்சுட்டா, ஒரு பக்கத்துல, முழுப் பேரைப் போட்டு. வட்டத்தைப் பார்த்தும் சரின்னு குறிச்சது நாந்தான். அதை எழுதினதும் என்னமோ பெரிய பாரம் எறங்கும்னு நெனைச்சா. ஒண்ணும் எறங்கல. பசிச்சுச்சு.

லாரி. தூரத்துல உப்பு லாரி வர்ற சத்தம். அய்யோ, இப்பவா? மெஷின் கை சரியா முதுகெலும்புக்கு நடு மத்தியில போயிக்கிட்டிருக்கு. லாரி வந்தா வண்டி ஆடும், வண்டி ஆடினா படம் கலங்கும், படம் கலங்கினா இன்னொரு தரம் எடுக்கணும், அதுக்குள்ள மாத்திரை ஒருத்தருக்கொருத்தர் டாட்டா காட்டிட்டுப் போயிரும். செம்பா எந்திரிச்சு ஜன்னல்ல தலையை நீட்டறது தெரிஞ்சுச்சு. "ஏ அண்ணாச்சி! ஏய்! மெதுவாப் போவும்! உள்ள ஆப்பரேஷன் நடக்கு!" லாரிக்காரன் பதறிப் போயி பிரேக்கைப் போட்டு, ஊர்ந்து ஊர்ந்து, கல்யாண ஊர்வலம் மாதிரி போனான். "யாருக்கு ஆப்பரேஷன்?" ன்னு வேற கேட்டான். "ஒரு டாக்டருக்கு," ன்னா செம்பா. சிரிக்கக்கூடாது. வயித்தைப் பிடி. இல்ல, பிடிக்காத, வயித்தைப் பிடிச்சா மாத்திரை நகரும். சிரிப்பு மேல ஏறி ஏறி வந்துச்சு, அதை மூக்குலயே வெச்சு நிறுத்தினா. கண்ணுல தண்ணி. கண்ணுத் தண்ணி மெஷின்ல தெரியாது. அந்தமட்டுக்கும்.

அந்த இன்னொரு விஷயத்தை நெனைக்க வேண்டாம். ஒம்பதரைக்கு எடுத்த மொத ஸ்கேன். மாத்திரை இல்லாம எடுத்தது. வெறும் கொரற்றி. அம்பத்திமூணு வருஷத்துல தன்னோட எலும்பைத் தானே பார்த்ததில்ல, ஊர்ப் பொம்பளைங்களை எல்லாம் இந்த மேசையில ஏத்தினவ ஒரு நாளும் ஏறல, நேரம் இல்ல, மெஷின் காலி இல்ல, இருக்கட்டும், பொறவு பார்ப்போம். அம்மா அறுபத்தாறு வயசுல துணி துவைக்கற கல்லுகிட்ட நின்னுக்கிட்டிருந்தா. வெறும நின்னா. டொக்குன்னு ஒரு சத்தம், அப்புறம்தான் விழுந்தா. எல்லாரும் சொன்னாங்க, தண்ணியைச் சிந்திப் போட்டது கொரற்றிதான், வழுக்கி விழுந்துதான் இடுப்பு ஒடிஞ்சுருச்சுன்னு. பதினஞ்சு வருஷம் அந்தத் தண்ணியைச் சொமந்தா. அப்புறம் இந்த வேலைக்கு வந்து படிச்சா. சில பேருக்கு விழுந்து ஒடியறதில்ல, ஒடிஞ்சு விழறாங்க. சத்தம் மொதல்ல, விழுந்தது பொறவு. அவ காதுல ரெண்டும் அந்த வரிசையிலதான் விழுந்துச்சு, அவ சொன்னதை யாரும் நம்பல. அதனால சத்தம் கேட்டுச்சுன்னு ஒரு பொம்பளை சொன்னா கொரற்றி நம்புவா. விண்ணு விண்ணுன்னு தெறிக்குன்னு சொன்னா நம்புவா. மூணு சென்டிமீட்டரை நம்புவா. நம்பரை அப்புறம் பார்ப்போம். ஒம்பதரைக்கு அந்த மொதத் தாளு வந்தப்ப செம்பா திரையைத் தன் பக்கமாத் திருப்பிக்கிட்டா. "சொல்லாத," ன்னு கொரற்றிதான் சொன்னா. "ரெண்டும் முடிஞ்ச பொறவு சொல்லு." சரின்னா. ஆனா செம்பா மொகம் ஒரு மொகமா? ரத்தம் எடுக்கும்போது ஊசி நரம்புல ஏறலேன்னா ஒரு மாதிரி கீழ் உதட்டை மடிப்பாளே, அது மாதிரி மடிச்சா. மடிச்சா என்ன? வாய் உப்புக் காத்துல காஞ்சிருக்கும். அம்மாவோட எலும்பு, அம்மாவோட மூக்கு, அம்மாவோட வாய். மூக்கும் வாயும் வந்துருச்சு, எலும்பு மட்டும் வேற வீட்டுக்கா போகும்? பயமா? பயந்தான். பயம் இருந்துட்டுப் போகட்டும், அதுவும் ஒரு ஓரமா ஆடாம படுத்துக்கட்டும். எட்டு நிமிஷந்தானே. இந்தப் பயத்தைத் தூக்கிக்கிட்டுத்தானே பேச்சித்தாயி தெனமும் முப்பது கிலோவைத் தலையில ஏத்தறா, அதுவும் தேறிருச்சுன்னு நம்பிக்கிட்டு. தேஞ்சுருச்சுன்னு தெரிஞ்சவ குனிஞ்சு தூக்க மாட்டா. தேறிருச்சுன்னு சொல்லப்பட்டவதான் தூக்குவா. நாளைக்கே தூக்குவா. கொலைக்குப் பேரு ஏழு பர்சென்ட்.

டாக்டரு என்ன சொல்லுவாரு? அவ மனசுக்குள்ள ஒத்திகை பார்த்தா, ரெண்டு குரலும் அவளே. கும், கும், ஏம்மா கொரற்றி, யார்கிட்ட பர்மிஷன் வாங்கினீங்க? யார்கிட்டயும் இல்ல சார், என் வயிறு, என் முதுகு. ஒரு ஆளை வெச்சு ஆராய்ச்சி பண்ண முடியுமாம்மா? முடியாது சார், ஆனா ஒரு ஆளை வெச்சு ஒரு ஆராய்ச்சியை நிறுத்த முடியும். இது நல்லாருக்கு. இதை இப்படியே சொல்லணும். சொல்ல வராது. அவரு முன்னாடி நின்னா அவளுக்கு 'சரி சார்' மட்டும்தான் சுத்தமா வரும், பதினாலு வருஷப் பழக்கம். மாத்திரை வேற எடத்துல நின்னுருந்தா? படத்துல ஒண்ணுமே விழலேன்னா? அப்ப ஏழு ஏழாவே சென்னைக்குப் போயிரும், இவ எழுதின காயிதத்தைப் பார்த்து, பாவம் வயசாயிருச்சுன்னு சிரிப்பாங்க. சிரிக்கட்டும். நாளைக்கும் பதினொண்ணு முழுங்குவேன். நாளன்னைக்கு இருபது. மலச்சிக்கல் வந்து செத்தாலும் இந்த மேசையிலதான்.

மெஷின் கை நின்னுச்சு. மொனகல் அடங்கின பொறவு வண்டிக்குள்ள ஃபேன் சத்தம் மட்டும் கேட்டுச்சு. செம்பா திரைக்குக் கிட்ட குனிஞ்சா. கீபோர்டை ரெண்டு தட்டு தட்டினா. பிரிண்டர் இழுத்துக்கிட்டு ஒரு தாளைத் துப்புச்சு.

"யக்கா."

"சொல்லு."

"பித்தான் யக்கா. அஞ்சு பித்தான். நெருக்கமா, பந்தியில ஒக்காந்த மாதிரி ஒக்காந்திருக்கு."

கொரற்றி கூரையைப் பார்த்துக்கிட்டே கெடந்தா. எந்திரிக்கணும்னு நெனைச்சா, முடியல, காலு ரெண்டும் பஞ்சுக் கட்டை மேல மரத்துப் போயிருந்துச்சு. மொதத் தாளுல என்னடி இருந்துச்சுன்னு கேக்க வாயைத் தெறந்தா. அந்த நேரம் வண்டி ஒரு பக்கமா அமுங்குச்சு. படியில கால் வெச்சா இப்படி அமுங்கற ஆளு ஒருத்தருதான். மணி பத்தரைதான் ஆகுது, சீக்கிரமே வந்துட்டாரு.

"யாரும்மா அது, இன்னும் ஸ்கேன் ஓடுது? எல்லாம்தான் முடிஞ்சுபோச்சே," ன்னுக்கிட்டே டாக்டர் திருவேங்கடம் உள்ள வந்தாரு. மேசையில படுத்திருக்கறது யாருன்னு பார்க்கல. படுத்திருக்கறவங்களை அவரு பார்க்கறதில்ல. பிரிண்டர்ல கெடந்த தாளையும் செம்பா முன்னாடி இருந்த மொதத் தாளையும் எடுத்தாரு. பேரு இருக்காது, ஆராய்ச்சித் தாள்ல நம்பர்தான். கண்ணு நேரா அடிக்குப் போச்சு. கண்ணாடி நெத்திக்கு ஏறுச்சு.

கும், கும்.

"பிரமாதம்! இங்க பாருங்க செண்பகவல்லி, மைனஸ் ரெண்டு புள்ளி ஏழு. நல்ல ஆஸ்டியோபோரோசிஸ், எப்ப வேணா ஒடியற எலும்பு. இப்ப பாருங்க, மைனஸ் ரெண்டு புள்ளி ரெண்டு. கோட்டைத் தாண்டியாச்சு. அதே ஏஏழு பர்சென்ட்! ஒரே வருஷத்துல! யாரும்மா இந்த சப்ஜெக்ட்?"

மைனஸ் ரெண்டு புள்ளி ஏழு. அம்மாவோட நம்பர் என்னவா இருந்திருக்கும், யாரும் அளக்கல. அந்த ரெண்டு புள்ளி ஏழு கொரற்றியோட நெஞ்சுல ஒரு தரம் குத்திட்டு, வயித்துக்குள்ள இருந்த அஞ்சு பித்தானுக்குப் பக்கத்துல போயி ஒக்காந்துக்கிச்சு. சரி. இருந்துக்கோ. ஒன்கிட்ட பொறவு வாரேன்.

"நாந்தான் சார்."

டாக்டரு திரும்பினாரு. மொதல் தரம் கீழ பார்த்தாரு.

"ஒரு வருஷம் இல்ல சார். மேல மூலையில நேரம் இருக்கும் பாருங்க. மொதத் தாளு ஒம்பதரை, ரெண்டாவது பத்து இருபது. அம்பது நிமிஷத்துல எனக்கு ஏழு பர்சென்ட் எலும்பு வளந்திருக்கு."

அவரு மூலையைப் பார்த்தாரு. தாளைக் கண்ணுக்குப் பக்கத்துல கொண்டு போனாரு. அப்புறம், பதினாலு வருஷத்துல இல்லாத அதிசயமா, படத்தைப் பார்த்தாரு. பித்தானை விரலால ஒவ்வொண்ணாத் தொட்டாரு. தொண்டையைச் செருமப் போனாரு. ஒண்ணு வந்துச்சு. ரெண்டாவது வரல.

"பதினோரு மாத்திரை சார். பேச்சித்தாயி முழுங்கின அதே கணக்கு. ஸ்கேன் எடுக்கறதுக்கு முன்னாடி வரிசையில வெச்சு எல்லாரும் முழுங்கியிருக்காங்க, ஆவுடை ஏச்சு வாங்கக் கூடாதுன்னு. வட்டத்தைப் பார்த்தும் சரின்னு டிக்கு போட்டது நாந்தான், அதையும் எழுதி உங்க மேசையில வெச்சிருக்கேன். நாப்பத்தோரு பேருக்கு ஊசி நிக்குது. மொதல்ல பேச்சித்தாயி, அவளுக்கு முதுகு நசுங்கியாச்சு. இன்னைக்கே எழுதுங்க."

"ஏம்மா கொரற்றி..." ன்னு ஆரம்பிச்சாரு. ரெண்டு தாளையும் கையில பிடிச்சுக்கிட்டு, ஒக்கார எடம் தேடினாரு. வண்டிக்குள்ள இருந்தது ஒரு நாற்காலி, ஒரு மேசை. நாற்காலியில செண்பகவல்லி. மேசையில கொரற்றி.

ரெண்டு பேரும் எந்திரிக்கல.